கை வெளுப்பு

“அந்தப் பொண்ணு வந்து கையெழுத்துப் போட்டாத்தான் எடுப்பேன்.”

நான் சொன்னது இவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ராஜகனி அம்மாள் மடியிலிருந்த தாம்பாளத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மேலே மடித்து வைத்த ரவிக்கைத் துணி. எனக்கு வைத்துக்கொடுக்கக் கொண்டுவந்தது.

“எந்தப் பொண்ணும்மா?”

“உங்க மகன் பழகுற பொண்ணு.”

“என் மகன் எந்தப் பொண்ணுகூடவும் பழகல. மொகத்தப் பாத்தாத் தெரியலயா?”

மகன் நிதர்சனுக்கு இருபத்தைந்து வயது. காற்றாலைக் கம்பெனியில் பொறியாளர். இடது கை நாற்காலிச் சட்டத்தில் வார் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. மரத்துப்போக மருந்தும் தடவியாகிவிட்டது. பிளேடை எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்தால் நன்றாகத்தான் தெரிந்தது.

இந்தக் கேள்வியை ஆயுசுக்கும் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டாக்டர் ஹெப்சிபா சொல்லியிருந்தார். “வேல்மதி, அலர்ஜி இருக்கான்னு கேளு. சுகர் இருக்கான்னு கேளு. யார்கூடப் பழகுறான்னு மட்டும் கேட்டுராத. கேட்ட அன்னைக்கே இந்த ரூமுக்குப் பூட்டு.” மூன்று வருஷம் நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் சம்பளமோ என்றுகூடத் தோன்றும்.

மிளகைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அதனாலேயே சொல்கிறேன். அது ஆண்களுக்கான கருத்தடை. மிளகு அளவில் ஓர் உருண்டை. இடது மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, தோலுக்கு அடியில் வைப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற எல்லாப் பையன்களுக்கும் பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிடுகிறார்கள். அது வேலை செய்கிற வரைக்கும் மேலே தோலில் அவுரி நீலத்தில் ஒரு பொட்டுத் தெரியும். எடுத்துவிட்டால் நாலே நாளில் நீலம் வெளுத்துப்போகும். நாற்பது நாளில் மருந்தின் தடமே உடம்பில் இருக்காது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் இது வந்தபோது, பெண்களுக்கென்று இருந்த மாத்திரை, ஊசி, காப்பர்-டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். ஆம்பளை கையிலேயே இருக்கும்போது பொம்பளைக்கு எதற்கு என்றார்கள். ஆணுறை விற்ற கடைகளில் அந்தத் தட்டு காலியாகி, அங்கே இப்போது சத்துமாவு டப்பா இருக்கிறது. பள்ளிப் பாடத்திலும் அந்த நாலு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு நம் ஆட்கள் வேலையைக் காட்டினார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒருத்தனுக்கு நீலம் எதற்கு, அப்படியானால் இவன் எங்கேயோ போய்வருகிறான் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும்தானே வைத்தார்கள் என்பது அந்தப் பேச்சில் மறந்துபோயிற்று. வெயில் கொளுத்தும் சித்திரையிலும் பையன்கள் முழுக்கைச் சட்டை போட்டார்கள். வரன் விளம்பரத்தில் ‘வெள்ளைக் கை’ என்று எழுதினார்கள். பெண் பார்க்கிற இடத்தில், பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் வந்தது. அதற்காகவே தை பிறந்தாலும் வைகாசி பிறந்தாலும் அம்மாக்கள் மகன்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் தாலுகா மருத்துவமனைக்கு வருகிறார்கள். பலகையில் ‘சிறு அறுவை அறை 4’ என்று இருக்கும். ஊரில் அதற்குப் பெயர் வெளுப்பு ரூம்.

எங்கள் படிவத்தில் ‘அகற்றக் காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் ‘குழந்தைப்பேறு வேண்டி’ என்று எழுதுவார்கள். அடுத்த கட்டம், ‘துணைவியின் பெயரும் கையெழுத்தும்’. கல்யாணமே ஆகாதவனுக்கு ஏது துணைவி? அதில் ஒரு கோடு இழுத்துவிடுவோம். ஒரு அம்மா மட்டும் அந்தக் கட்டத்தில் ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்று தானே எழுதிக் கொடுத்தார். என்னோடு வேலை பார்க்கும் முத்துக்கிளி அக்காவும் நானும் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

இப்போது சிரிப்பு வருவதில்லை. ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அம்மா பாக்கியத்தாய் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் இருபத்திரண்டு வருஷம் நின்று என்னை நுண்ணுயிரியல் படிக்கவைத்தார். மிளகு வைக்கவும் எடுக்கவும் பயிற்சி கொடுத்து எனக்கு அரசு வேலை கிடைத்த அன்றைக்குத் தெருவுக்கே கேசரி கொடுத்தார். என்ன வேலை என்று கேட்டவர்களிடம் “லேபுல” என்றார். மூன்று வருஷமாக அதையேதான் சொல்கிறார். நானும் திருத்தவில்லை.

என் தங்கை அமுதவல்லிக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் வருஷம். போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் வல்லி எனக்கு போன் செய்தாள்.

“அக்கா, ஒண்ணு கேட்டா வைய மாட்டியே?”

“கேளு.”

“பையனுக்குக் கை வெள்ளையா இருந்தா என்னக்கா அர்த்தம்?”

எனக்கு அது தெரியும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் படித்தேன். அன்று காலையில்கூட மூன்று பேருக்கு எடுத்திருந்தேன். இரண்டு நிமிஷம் போதும், சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் முத்துக்கிளி அக்கா இருந்தார். வாசலில் தாம்பாளத்தோடு இரண்டு அம்மாக்கள் நின்றார்கள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

“உனக்கு எதுக்குடி அந்தக் கருமம்? படிக்கத்தான அனுப்பிருக்கு? இன்னொரு தடவ இப்படிக் கேட்ட, அம்மாட்டச் சொல்லிருவேன்.”

“சரிக்கா” என்று வைத்துவிட்டாள். பிறகு கேட்கவே இல்லை.

நான்கு மாதம் கழித்து, மாசியில், யாரோ சொன்னார்கள் என்று கருவைக் கலைக்க ஏதோ பொட்டலத்தை வாங்கித் தின்றிருக்கிறாள். கல்லூரிக் கழிப்பறையில் ரத்தத்தோடு கிடந்தவளைத் தோழிகள் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். உயிர் மிஞ்சியது. கர்ப்பப்பை மிஞ்சவில்லை. அக்கம்பக்கத்தில் அம்மா அல்சர் என்று சொல்லிவைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு வேறு பெயர் உண்டு.

வார்டில் வல்லி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “சுத்தமான கைதானக்கா. சுத்தமா இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.”

பையன் பெயர் ஜெயந்தன் என்றாள். கல்லூரிப் பஸ்ஸில் பழக்கம். அவனுக்குத் தை மாதமே வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது.

ஜெயந்தனை எனக்குத் தெரியும். அவன் முகம் ஞாபகமில்லை, கை ஞாபகமிருந்தது. மணிக்கட்டில் பழைய தீக்காயம் இருந்த கை. நான்தான் எடுத்தேன். அவன் அம்மா எனக்கு மயில் பச்சையில் ஒரு ரவிக்கைத் துணி கொடுத்தார். நல்ல துணி. அந்தத் தீபாவளிக்கு அதை வல்லிக்குத் தைத்துக் கொடுத்தேன். “எங்கிட்டுக்கா வாங்குன, இவ்வளவு அழகா இருக்கு” என்று கேட்டாள்.

இதை இன்றுவரைக்கும் அவளிடம் சொல்லவில்லை. அன்றுவரைக்கும் வேறு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அதனால்தான் அன்று ராஜகனி அம்மாளிடம் அந்தக் கட்டத்தை விரலால் காட்டிக் கையெழுத்துக் கேட்டேன். வீரமெல்லாம் இல்லை. அந்த ரவிக்கைத் துணியைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“தாயி, மூணு வருஷமா இந்த ரூம்ல இருக்கீக. எத்தன பேருக்கு எடுத்திருப்பீக. யாரையாவது இப்படிக் கேட்டிருக்கீகளா? எம் பிள்ளைய மட்டும் ஏன் கேக்கீக?”

“முன்னாடி கேக்காதது என் தப்பு.”

“அப்ப எம் பிள்ள தலையிலயா அத வந்து கழுவுறீக?”

நியாயமான கேள்வி. நான் நிதர்சன் பக்கம் திரும்பினேன்.

“நீங்க சொல்லுங்க. யாரும் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

அவன் கூரையிலிருந்து கண்ணை இறக்கினான். “அம்மா, நீ கொஞ்சம் வெளிய இரேன்.”

அறையின் மூலையில் கருவிகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்த முத்துக்கிளி அக்கா, “ஆத்தாடி” என்று தனக்குள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

“நான் எதுக்கு வெளிய போகணும்? பெத்தவ நான். எனக்குத் தெரியாம என்னடா இருக்கு? கூப்புடு. எவளா இருந்தாலும் இங்க வச்சே கூப்புடு.”

கை கட்டப்பட்டிருந்ததால் அவனால் போனைப் பிடித்துக்கொண்டு எழுந்து போக முடியாது. வலது கையால் சட்டைப் பையிலிருந்து எடுத்து, எண்ணைத் தட்டி, மேசைமேல் வைத்தான். ஸ்பீக்கரை நான்தான் போட்டேன்.

“எடுத்தாச்சா?” அந்தப் பக்கம் பெண் குரல். பின்னால் பள்ளிக்கூடச் சத்தம்.

“இல்ல. இங்க சிஸ்டர் உன்கிட்டப் பேசணும்கிறாங்க.”

“ஐயோ, எதுக்கு?”

நான் குனிந்து பேசினேன். “பயப்படாதீங்க. நான் வேல்மதி. இவர் மிளகை எடுக்க வந்திருக்கிறது உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கத்தான்.”

அவனுடைய அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு என் கேள்விதான் பெரிதாக இருந்தது. எழுதும்போது கூசுகிறது.

“தெரியும் சிஸ்டர். நான்தான் எடுக்கச் சொன்னேன். ஞாயித்துக்கிழம எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க. எங்க அப்பா கையத் திருப்பிப் பாப்பாரு.”

ராஜகனி அம்மாள் தாம்பாளத்தைத் தரையில் வைத்தார்.

“சரி. எடுத்ததுக்கு அப்புறம் கல்யாணம் வரைக்கும் என்ன செய்யப் போறீங்க?”

“புரியல சிஸ்டர்.”

“ரெண்டு பேரும் சந்திப்பீங்கள்ல.”

அவள் குரலைத் தணித்தாள். “அதான் சுத்தமாயிருமே சிஸ்டர். அப்புறம் பயம் இல்லைல்ல? இத்தன நாளும் அந்த நீலத்தப் பாக்கும்போதெல்லாம் எனக்குத் திக்குனு இருக்கும். ஏதோ நோய் மாதிரி. இனி நிம்மதிதான்.”

முத்துக்கிளி அக்கா திரும்பிப் பார்த்தார். வார்டில் வல்லி சொன்ன அதே சொல். சுத்தம்.

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“எம்.எஸ்ஸி., பி.எட். பதினொண்ணு, பன்னெண்டுக்கு உயிரியல் எடுக்கேன்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காதுதான் மறுபடி சூடானது. ஒரு உயிரியல் ஆசிரியைக்கே தெரியாது. அவளுக்குத் தெரிய வேண்டியதைப் புத்தகத்திலிருந்து கிழித்துவிட்டு, பட்டத்தை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. இரண்டில் எது கேவலம்?

“கேளுங்க. நீலம் இருக்கிற வரைக்கும்தான் குழந்த உண்டாகாது. நீலம்னா மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம். வெள்ளையாயிருச்சுன்னா காவல் போயிருச்சுன்னு அர்த்தம். சுத்தம், அசுத்தம் எல்லாம் நம்ம ஊர்க்காரங்க வச்ச பேரு. உடம்புக்கு அது தெரியாது.”

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது.

ராஜகனி அம்மாள் போனை நோக்கிக் குனிந்தார். “ஏம்மா, நீ அருகன்பட்டி கோதைநாச்சியாரா?”

“…அத்தை?”

போன் அணைந்தது.

ராஜகனி அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார்.

“எத்தன நாளா?”

“ஒரு வருஷம். நானேதான் தரகர்கிட்டச் சொல்லி அவ ஜாதகத்த உங்கிட்டக் குடுக்கச் சொன்னேன். உனக்குப் பிடிச்சிருந்துச்சுல்லம்மா.”

“பிடிச்சிருந்துச்சு. கையத் தொடாதவன்னு நெனச்சுப் பிடிச்சிருந்துச்சு.” என் பக்கம் திரும்பினார். “நல்ல வேல செஞ்சீக தாயி. இல்லன்னா அந்தப் பொண்ண மருமகள்னு கூட்டிட்டு வந்து வெளக்கு ஏத்தச் சொல்லிருப்பேன். எடுங்க. ஞாயித்துக்கிழம வேற எடம் போறோம்.”

“அம்மா, தொட்டது உங்க மகனும்தான்.”

“அவன் ஆம்பள.”

“அந்தப் பொண்ணு என்ன தப்புப் பண்ணுனா?”

“அத அவங்க அப்பாட்டக் கேளுங்க. போற வழியில நானே சொல்லிட்டுத்தான் போகப்போறேன், சம்பந்தம் ஏன் வேண்டாம்னு.”

நான் எந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பினேனோ, அவளை அவள் மாமியாராக வரவிருந்தவர் முன்னால் நானே அம்மணமாக நிறுத்திவிட்டேன். ஸ்பீக்கரைப் போட்ட விரல் இது.

“நிதர்சன், நீங்க சொல்லுங்க. எடுக்கணுமா?”

நம்புங்கள், நான் அவனிடம் எதையோ எதிர்பார்த்தேன். இருபத்தைந்து வயது, நூறு மீட்டர் உயரக் காற்றாலையில் ஏறி இறங்குகிறவன். அவன் கட்டியிருந்த கையை ஒரு தடவை பார்த்தான். நீலப் பொட்டு மருந்தில் பளபளத்தது.

“அம்மா சொல்றாங்கல்ல,” என்றான்.

நான் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

சத்தம் கேட்டு டாக்டர் ஹெப்சிபா வந்தார். ராஜகனி அம்மாள் சொன்னதை முழுக்கக் கேட்டார். “மன்னிச்சிருங்கம்மா, சின்னப் பிள்ள” என்றார். பிறகு முத்துக்கிளி அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பிளேடை எடுத்தார். இரண்டே நிமிஷ வேலை. நான் டாக்டரின் அறைக்குப் போவதற்குள் மிளகு தட்டில் விழுகிற ‘டிக்’ என்ற சத்தம் கேட்டது.

டாக்டருக்கு அடுத்த வருஷம் ஓய்வு. கோபப்படுகிற ஆளில்லை. நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

“என்னாச்சு உனக்கு? மூணு வருஷமா வாயத் தொறக்காத பிள்ள.”

சொன்னேன். வல்லியைச் சொன்னேன், ஜெயந்தனைச் சொன்னேன், ரவிக்கைத் துணியையும் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த நீலத்த ஏன் வச்சோம்னு தெரியுமா வேல்மதி?”

“வச்சோமா?”

“அந்தச் சோதனைக் குழுவுல நானும் இருந்தேன். உன் வயசு எனக்கு. மருந்து மட்டும் போதும், கலர் எதுக்குன்னு ஆம்பள டாக்டருங்க கேட்டாங்க. நாங்க மூணு பொம்பளைங்க பிடிவாதமா நின்னோம். ‘போட்டிருக்கியா’ன்னு வாயத் தொறந்து கேக்க நம்ம பிள்ளைகளால முடியாது. கேக்க வேண்டாம், பாத்தாலே தெரியட்டும்னு வச்சோம்.” அவர் சிரிக்கப் பார்த்தார். “வெக்கத்துக்கு வழி பண்ணிட்டோம்னு நெனச்சோம். அது எங்களுக்கு வழி பண்ணிருச்சு.”

“வெளுப்பு ரூம் வேண்டாம்னு நீங்க எழுதியிருக்கலாம்ல?”

“எழுதுனேன். ரெண்டு தடவ. மேல இருந்து ஒரே பதில்தான் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல எத்தன பேருக்கு வச்சீங்க, அந்தக் கணக்க மட்டும் அனுப்புங்க. எடுக்கிற கணக்கு எங்களுக்கு வேண்டாம்.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “மூணாவது தடவ எழுதல. எனக்கும் பென்ஷன் வேணும்ல.”

அவரை நான் வெறுத்திருக்கலாம். ஆனால் போன ஐப்பசியில் வல்லியின் போனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்குத்தானே தெரியும்.

“ஒரு வாரம் லீவு எழுதிக் குடு. அந்தம்மா புகார் குடுத்தா, மன்னிப்புக் கடுதாசி ஒண்ணு தயாரா வச்சுக்க. நான் பாத்துக்கிறேன்,” என்றார்.

அப்போது அவர் மேசையிலிருந்த மருத்துவமனை போன் அடித்தது. எடுத்தவர் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

“சிஸ்டர், நான் கோதை.”

அழுது முடித்த குரல். நான் முந்திக்கொண்டேன். “கோதை, அவங்க அம்மா பக்கத்துல இருந்தாங்க. நான் சொல்லியிருக்கணும். தப்பு முழுக்க என் மேல. உங்க வீட்டுக்கு வர்றதாச் சொல்றாங்க.”

“தெரியும். அவரு மெசேஜ் போட்டாரு. ‘ஸாரி, அம்மா ஒத்துக்கல’ன்னு. அவ்வளவுதான் போட்டாரு.” மூக்கை உறிஞ்சினாள். “அப்பாட்ட நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன் சிஸ்டர். அந்தம்மா சொல்லிக் கேக்குறதுக்கு முன்னாடி. என்ன ஆகும்னு தெரியல. வீட்டுக்குப் போனாத்தான் தெரியும்.”

அதுவரை நின்றுகொண்டிருந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“நான் அதுக்குக் கூப்புடல,” என்றாள். “இங்க பதினொண்ணாவதுல முப்பத்தெட்டுப் பொம்பளப் பிள்ளைங்க இருக்காங்க. போன மாசம் பையங்கள வெளிய அனுப்பிட்டு அவங்ககிட்டத் தனியாப் பேசுனேன். அக்கா மாதிரி. நீலக் கைப் பையங்கள நம்பாதீங்க, அவனுக கெட்டுப்போனவனுக, வெள்ளக் கைன்னா ஆபத்து இல்லன்னு சொன்னேன். பாடத்துல இல்ல, நானாச் சொன்னேன். நல்லதுன்னு நெனச்சுச் சொன்னேன்.”

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“அவங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்க சிஸ்டர்.”

“நீங்களே மாத்திச் சொல்லலாமே.”

“ஸ்டாஃப் ரூம்ல இருந்து வெளிய வர முடியல. கதவத் தொறந்தா எல்லாரும் என்னையப் பாக்குற மாதிரி இருக்கு. அதோட, எனக்கே அரைகுறையாத்தான் தெரியும்னு இப்பத்தான தெரியுது. நீங்க வந்து பேசுவீங்களா? தலைமையாசிரியர் அனுமதி தர மாட்டாரு. இன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல லேபுல உக்காரவைக்கேன். நீங்க பேசுற வரைக்கும் நான் பின்னாடி பெஞ்சுல உக்காந்துக்கிறேன். எனக்கும் சேத்துச் சொல்லுங்க.”

“வர்றேன்” என்று வைத்தேன்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “வேல்மதி, உத்தரவு இல்லாம ஸ்கூலுக்குள்ள போய் அதப் பேசுனா சஸ்பெண்ட் இல்ல, நேரா வீட்டுக்குத்தான். கேஸும் போடுவாங்க. உங்க அம்மாவ நெனச்சுப் பாத்தியா?”

நினைத்தேன். தெருவுக்கே கொடுத்த கேசரியை நினைத்தேன். இனி “லேபுல” என்றுகூட அவரால் சொல்ல முடியாது. எதற்காக வேலை போனது என்று கேட்பவர்களுக்கு அல்சர் மாதிரி இன்னொரு பெயர் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

“நெனச்சேன் டாக்டர்.”

“அப்புறம்?”

அப்புறம் ஒன்றும் இல்லை. யோசிப்பதற்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை. ‘நோட்டுல எழுதிக்கிட்டாங்க’ என்று அவள் சொன்ன இடத்திலேயே அது முடிந்துவிட்டது. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி அவர் மேசையில் வைத்தேன். அவர் அதை எடுக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

“ஒரு மிளகு கொண்டுபோ,” என்றார் கடைசியில், என்னைப் பார்க்காமல். “வெறும் வாயால சொன்னாப் பிள்ளைகளுக்குப் புரியாது. கையில வச்சுப் பாக்கட்டும்.”

வெளுப்பு ரூமுக்குள் போனேன். நிதர்சன் கட்டுப் போட்ட கையோடு சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். தாம்பாளம் இப்போது முத்துக்கிளி அக்காவின் மேசையில் இருந்தது. தட்டில் கிடந்ததைப் பஞ்சில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சற்று முன்வரை ஒரு பெண்ணுக்குக் காவலாக இருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை.

“எங்கிட்டுடி போற?” முத்துக்கிளி அக்கா கேட்டார். “பன்னெண்டு டோக்கன் கெடக்கு.”

“அருகன்பட்டிக்குக்கா.”

“அங்க என்ன?”

பழக்கத்தில் ‘சொந்த வேலை’ என்று வாய் வரைக்கும் வந்தது. “கருத்தடை பத்திப் பேச” என்றேன். அந்தச் சொல்லை அந்த அறையில் யாரும் சத்தமாகச் சொன்னதே இல்லை. ராஜகனி அம்மாள் மகனின் காதை மூடப் போகிறவர் மாதிரி அவன் பக்கம் நெருங்கி நின்றார்.

வராந்தாவில் பெஞ்சு நெடுக அம்மாக்களும் முழுக்கைச் சட்டை மகன்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நடக்க நடக்கத் தாம்பாளங்கள் மடியை விட்டு எழுந்தன. “சிஸ்டர், எங்க முறை எப்ப?” என்று ஒருவர் கேட்டார். நடந்துகொண்டே இருந்தேன்.

என்னிடம் தைரியம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இதே விஷயத்தை வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற வல்லியிடம் உட்கார்ந்து சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. முகம் தெரியாத முப்பத்தெட்டுப் பிள்ளைகளிடம் சொல்வது அதைவிடச் சுலபம். அதுவும் வெட்கக்கேடுதான். ஆனால் இருக்கிற வெட்கத்தில் இதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடிந்தது.

பன்னிரண்டு பத்துக்கு அருகன்பட்டி பஸ். முதல் வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று சத்தமாகவே சொல்லிப் பார்த்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன்.